ஆவணி ஒண்ணாம் தேதி பிறந்த வருஷம்

வேலையை விட்டு வேறு வேலைக்குப் போய், அதற்குப் பிறகு வரும் முதல் ஜனவரியைச் சந்தித்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டென்றால் நான் சொல்வது சட்டென்று புரியும். முந்தைய வருஷம் வரை டிசம்பர் 20 தாண்டினாலே மேஜை மேல் டைரிகளும் காலண்டர்களும் வந்து குவியும். வீட்டுக்கு ஒன்று, மாமனார் வீட்டுக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று என்று பங்கு வைத்த பிறகும் நாலைந்து மிஞ்சும். வேலை மாறிய வருஷம் ஒன்றுகூட வராது. அத்தனை டைரியும் நாம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்தவை என்பது அன்றைக்குத்தான் உறைக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தேன். மில்லை மூடினார்கள். 2005-ல் பெட்டி படுக்கையோடு சொந்த ஊரான நாகர்கோவிலுக்குத் திரும்பினேன். சிநேகிதர் ஒருவர் சொல்லி ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. "எண்ணைச் சரி பாத்தவனுக்கு எழுத்தைச் சரி பாக்கத் தெரியாதா?" என்று தைரியம் சொல்லித்தான் சேர்த்துவிட்டார்.

டிசம்பர் மாதம் அச்சகத்துக்குக் காலண்டர் சீசன். மூச்சுவிட நேரம் இருக்காது. 2006-ம் வருஷக் காலண்டரின் புரூஃப் என் மேஜைக்கு வந்தது. ராகு காலம், எமகண்டம், அமாவாசை, முகூர்த்தம் எல்லாம் வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஃபோர்மேன் அண்ணாச்சி ஆகஸ்ட் மாதத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது என்ன? ஆவணி ஒண்ணுக்கும் கொல்லம் 1181-ன்னு கெடக்கு. ஆவணியில வருசம் பொறக்கும்லா? 1182-ன்னு மாறண்டாமா? கோயம்புத்தூருக்குப் போயி ஊரு கணக்கையே மறந்துட்டியளே!"

சுற்றியிருந்த பையன்கள் சிரித்தார்கள். பதினேழு வருஷம் ஒரு பைசா பிசகாமல் ஐந்தொகை போட்டவன், நாற்பத்திரண்டு வயதில், வருஷம் எப்போது பிறக்கும் என்று தெரியாமல் நின்றேன். காது மடல் சூடாகிவிட்டது. சிவப்பு மையில் 1182 என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாலு எண்கள் என்னை விடவில்லை. அவை கொண்டுபோய் நிறுத்திய இடத்துக்குத்தான் உங்களையும் அழைத்துப் போகப் போகிறேன்.

* * *

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வருஷத்தில் மூன்று புத்தாண்டு.

ஒன்று, ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஜனவரி 1.

இரண்டாவது, சித்திரை விஷு. முந்தைய ராத்திரியே உருளியில் வெள்ளரிக்காய், பழம், கொன்றைப் பூ, கண்ணாடி, நகை எல்லாம் அடுக்கி வைத்துவிடுவார்கள். விடிகாலையில் கண்ணைப் பொத்திக்கொண்டு போய் அந்தக் கனியில்தான் விழிக்க வேண்டும். பிறகு பெரியவர்கள் கையில் காசு வைத்துத் தருவார்கள். அதற்குக் கைநீட்டம் என்று பெயர். தமிழ்ப் புத்தாண்டு சித்திரையா தையா என்று சென்னையில் சட்டம் போட்டு, 2008-ல் தைக்கு மாற்றி, 2011-ல் மறுபடி சித்திரைக்கே திருப்பினார்கள். இங்கே கனியும் கைநீட்டமும் ஒரு வருஷம்கூட இடம் மாறவில்லை.

மூன்றாவதுதான் நான் கோட்டை விட்ட ஆவணி 1. கொல்லம் ஆண்டின் பிறப்பு. கி.பி. 825-ல் தொடங்கிய கணக்கு இது. பழைய திருவிதாங்கூரில் அரசாங்க உத்தரவு, நிலப் பத்திரம், ஜாதகம், கோயில் கணக்கு எல்லாம் இந்த ஆண்டில்தான் எழுதப்பட்டன. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டைப் பார்க்கலாம். கேரளத்தின் வடக்கே மலபாரின் சில பகுதிகளில் கன்னி மாதம், அதாவது நம் புரட்டாசியில் வருஷம் பிறக்கும். தெற்கே திருவிதாங்கூரில் சிங்கம். நமக்கு ஆவணி.

என் பாட்டா தன் வயதைக் கேட்டால் இங்கிலீஷ் வருஷம் சொல்ல மாட்டார். "தொண்ணூத்தொம்பது வெள்ளத்து வருசம்" என்பார். கொல்லம் 1099, அதாவது 1924-ல் திருவிதாங்கூரையே மூழ்கடித்த பெருவெள்ளம். ஆயிரத்தை விழுங்கிவிட்டு வெறும் தொண்ணூற்றொன்பது என்று சொல்வதுதான் அந்தத் தலைமுறையின் வழக்கம்.

வயலுக்கும் இதே கணக்குதான். நாஞ்சில் நாட்டில் இரண்டு பூ சாகுபடி. கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னி என்றால் புரட்டாசி, கும்பம் என்றால் மாசி. ஆவணி பிறக்கும்போது கன்னிப்பூ கதிர் முற்றி அறுப்பை எதிர்பார்த்து நிற்கும். கையில் தானியம் வரப்போகிற நேரத்தில் வருஷம் பிறப்பது பொருத்தம்தானே? விவசாயிக்கு ஜனவரி 1 அன்று என்ன இருக்கிறது, பனியைத் தவிர!

இந்த ஆவணி 1-ஐ ஒட்டி, இதே மண்ணில் ஒரு மனிதன் வேலை மாறினான். சரித்திரத்தில் அப்படியொரு வேலை மாற்றம் அபூர்வம். அந்தக் கதையைக் கேளுங்கள்.

* * *

1741. கொல்லம் 916.

திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்டவர்மா. 1729-ல் பட்டத்துக்கு வந்தவர். தலைநகரம் நம் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம். அந்தக் காலத்தில் மிளகுதான் பெட்ரோல். யார் கையில் மிளகோ அவர் கையில் பணம். 1663-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் மலையாளக் கரை மிளகைத் தங்கள் பிடியில் வைக்கப் பார்த்தார்கள். மார்த்தாண்டவர்மா ஒவ்வொரு சின்ன ராஜ்யமாக விழுங்கிக்கொண்டே வடக்கே நகர்ந்தபோது அந்தப் பிடி தளர்ந்தது.

இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் நேரில் வந்து மிரட்டினார். படையெடுப்போம் என்றார். "வாருங்கள். நானும் என் மீனவர்களின் வள்ளங்களில் ஒருநாள் ஹாலந்துக்கு வரலாம் என்றிருக்கிறேன்" என்று மகாராஜா பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. நாகர்கோவில் டீக்கடைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது சொல்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். தானே சொன்ன பதில் மாதிரி இருக்கும்.

டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கரையோரத்தில் அரண் கட்டி உட்கார்ந்தது. மார்த்தாண்டவர்மாவின் படை சுற்றி வளைத்தது. மாட்டு வண்டிகளில் மரத் தடிகளைப் பீரங்கி மாதிரி நீட்டி வைத்து எதிரியைப் பயமுறுத்தினார்கள் என்றும் ஒரு கதை. கதையை விட்டுவிட்டு நடந்ததைப் பார்ப்போம். ஜாவாவில் பெரிய சண்டை மூண்டிருந்ததால் டச்சுக்காரர்களின் தலைமையிடமான பத்தாவியாவிலிருந்து உதவி வரவில்லை. ஆடி மாதம். தென்மேற்குப் பருவக்காற்றில் குளச்சல் கடல் எப்படிப் பொங்கும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இந்த நேரத்தில் ஒரு பீரங்கிக் குண்டு டச்சு அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. பற்றிய தீயில் மொத்த அரிசிக் கையிருப்பும் சாம்பலானது. துப்பாக்கி இருக்கிறது, சோறு இல்லை. ஆகஸ்ட் மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் சரணடைந்தார்கள்.

இந்தச் சண்டையின் தேதியை ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இரண்டு விதமாகப் படித்திருப்பீர்கள். அதற்குக் காலண்டர்க் குழப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கிலீஷ்காரர்கள் அன்றைக்கு இன்னும் பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தார்கள். டச்சுக்காரர்களோ கிரிகோரியன் காலண்டர். இரண்டுக்கும் பதினோரு நாள் இடைவெளி. 1752-ல்தான் இங்கிலாந்து செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று வைத்துக் கணக்கை நேர் செய்தது. அதுவரை இங்கிலாந்தின் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25-ல்! இங்கிலாந்தின் சட்டத்தில் ஜனவரி 1-க்கே அவ்வளவுதான் வயசு.

பிடிபட்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்கள். அவர்களைப் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டிலனாய். பிறந்தது பிரான்ஸில் ஆராஸ் என்ற ஊரில். சம்பளம் வாங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில். வயது இருபதுகளின் நடுவில்.

சரணடைந்த ஒரு வாரத்துக்குள் ஆவணி பிறந்தது. அவருடைய காலண்டரில் அது ஏதோ ஒரு ஆகஸ்ட் தேதி. கோட்டைக்கு வெளியே ஊருக்கெல்லாம் கொல்லம் 917, புது வருஷம். யோசித்துப் பாருங்கள். வேலை போயிற்று, ஊர் போயிற்று, பாஷை தெரியாது, சாப்பாடு பிடிக்காது. சுற்றியிருப்பவர்கள் வருஷம் பிறந்துவிட்டது என்கிறார்கள்.

* * *

மார்த்தாண்டவர்மா புத்திசாலி. கைதிகளைப் பட்டினி போட்டு என்ன ஆகப்போகிறது? அவர்களிடம் உள்ள வித்தை வேண்டும். டிலனாயிடம் முதலில் தன் மெய்க்காவல் படையின் ஒரு பகுதியை ஒப்படைத்து, ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் சொன்னார். வரிசையாக நிற்பது, சொன்ன நொடியில் ஒன்றாகச் சுடுவது, மறுபடி மருந்து கெட்டிப்பது. நாயர் வீரர்கள் வாளிலும் களரியிலும் சூரர்கள். சேர்ந்தாற்போல் அசைவதுதான் புதுப் பாடம்.

அந்தப் பாடம் பலித்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பொறுப்புகள் வந்தன. உதயகிரிக் கோட்டையை 1741-க்கும் 1744-க்கும் இடையில் புதுப்பித்துக் கருங்கல்லில் பலப்படுத்தினார்கள். சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. உள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை. நேற்றுவரை கைதியாக இருந்த இடத்திலேயே மேற்பார்வையாளர். இது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

படிப்படியாக உயர்ந்து திருவிதாங்கூர் படையின் தலைவரானார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் வலிய கப்பித்தான். பெரிய கேப்டன் என்று அர்த்தம். அவர் பயிற்சி கொடுத்த படைதான் காயங்குளம், அம்பலப்புழை, தெக்கங்கூர், வடக்கங்கூர் என்று கொச்சி எல்லை வரை போனது. அவரை அனுப்பிய டச்சுக் கம்பெனி, 1753-ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை செய்துகொண்டு, இனி உள்ளூர் ராஜாக்களின் விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கியது. மார்த்தாண்டவர்மா 1758-ல் காலமானார். அடுத்து வந்த தர்மராஜாவிடமும் டிலனாய் வேலை பார்த்தார். வடக்கிலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்க ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுங்கோட்டை என்ற அரணைக் கட்டினார். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தானின் படை அந்த அரணில்தான் மோதி முதல் முறை பின்வாங்கியது. சில மாதம் கழித்து உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது வேறு கதை.

கேட்பதற்கு வெற்றிக் கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு 2006 ஜனவரி 1 அன்று என் பையனைக் கூட்டிக்கொண்டு உதயகிரிக்குக் கிளம்பினேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை. அச்சகம் லீவு. வடசேரியில் தக்கலை பஸ் ஏறி, பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி தாண்டிப் புலியூர்க்குறிச்சியில் இறங்கினோம். பையன் ஏழாம் வகுப்பு. கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்தை விட்டுவந்த கோபம் அவனுக்கு இன்னும் தீரவில்லை. இங்கே அவன் பேசும் பேச்சை மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வழி கேட்டேன்.

"தில்லானை சாயிப்புக்க கல்லறைதானே? இப்பிடியே நேரே போங்கோ. மேல்கூரை இல்லாத ஒரு பழைய கோயில் நிக்கும். அதுக்குள்ளதான் கெடக்காரு."

தில்லானைக் கோட்டை என்றுதான் பழைய ஆட்கள் இதைச் சொல்வார்கள். டிலனாய் தில்லானை ஆகிவிட்டார். ஊர் ஒருவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு, அவர் பெயரைத் தன் நாக்குக்கு வளைத்துக்கொள்வதைவிடப் பெரிய அடையாளம் உண்டா?

கூரையில்லாத அந்தச் சின்ன தேவாலயத்துக்குள் கல்லறைக் கல். லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. வழிப்போக்கனே, நில் என்று தொடங்கி, திருவிதாங்கூர் படைத்தலைவராக ஏறத்தாழ 37 வருஷம் ராஜாவுக்கு விசுவாசமாக இருந்தவர் இங்கே கிடக்கிறார் என்று லத்தீன் எழுத்து சொல்கிறது. இறந்த தேதி 1777 ஜூன் 1.

பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான். "அப்பா, இவரு சண்டையில தோத்தவருதானே? பிறகு எதுக்கு இவ்வளவு பெரிய கல்லறை?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. மில் மூடிய பிறகு ஊருக்கு வந்தவனிடம் அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்து விழுந்தது. "தோத்ததுக்குக் கல்லறை கட்டலப்பா. பிறகு முப்பத்தேழு வருஷம் பாத்த வேலைக்குக் கட்டினது" என்று சொல்லிவைத்தேன். அவன் சமாதானம் ஆனானா தெரியாது.

பக்கத்தில் இருந்த மற்ற கல்லறைகளைப் பார்த்தபோது என் பதிலும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. டிலனாயின் மனைவி மார்கரெட்டும், மகன் ஜொஹான்னஸும் அங்கேயே இருக்கிறார்கள். மகன் 1765-ல் களக்காட்டுச் சண்டையில் இறந்தான். இருபது வயதுப் பையன். அப்பா தேர்ந்தெடுத்த புது வேலையின் விலையை மகன் கொடுத்தான் என்று தோன்றியது. என் பையன் கல்லின் மேல் காய்ந்த இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. படைத்தலைவராகவே ஆனாலும் கிறிஸ்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவருக்கு அனுமதி இல்லை, அதனால்தான் உதயகிரியிலேயே குடியிருந்தார் என்று சொல்வார்கள். கூப்பிடு தூரத்தில் அரண்மனை. அதைக் காப்பாற்றுகிறவருக்கு வாசல் திறக்காது. புது வேலை எவ்வளவு கொடுத்தாலும் சில கதவுகளைத் திறந்து தராது.

* * *

இந்தக் கோட்டையோடு சம்பந்தப்பட்ட இன்னும் இரண்டு மனிதர்களின் கதையையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குப் பாதிக் கணக்கைத்தான் காட்டியவன் ஆவேன்.

ஒருவர் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை. அரண்மனை உத்தியோகஸ்தர். உதயகிரியில் டிலனாயோடு பழக்கம் ஏற்பட்டது. வீட்டில் ஆடு மாடும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த நேரத்தில், பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை டிலனாய் சொன்னதாக மரபு. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜத்துரோகம் என்றது அரண்மனைத் தரப்பு. மதம் மாறியதுதான் காரணம் என்றது திருச்சபைத் தரப்பு. 2022-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். மாற்றத்துக்காக ஒருவரை உயர்த்திய அதே ராஜ்யம்தான் மாற்றத்துக்காக இன்னொருவரின் உயிரை எடுத்தது. வலிய கப்பித்தான் பக்கத்திலேயே இருந்தும் நீலகண்டபிள்ளை தப்பவில்லை.

இன்னொருவர் யார் தெரியுமா? சாட்சாத் மார்த்தாண்டவர்மாவேதான்.

கொல்லம் 925, தை 5. அதாவது 1750 ஜனவரி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் தன் வாளை வைத்து, ராஜ்யம் முழுவதையும் பெருமாளுக்கே எழுதிக் கொடுத்தார். திருப்படி தானம் என்று இதற்குப் பெயர். அன்று முதல் அவர் ராஜா இல்லை. பத்மநாப தாசன். முதலாளியாக இருந்தவர் தானே மேனேஜராக இறங்கிக்கொண்ட மாதிரி. ராஜ்யம் கோயில் சொத்தாகிவிட்டால் அதை எதிர்ப்பவன் பெருமாளையே எதிர்த்தவன் ஆகிவிடுவான் என்ற அரசியல் கணக்கு இதற்குள் இருந்ததாகச் சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். இருக்கலாம். பக்தியும் கணக்கும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது என்று சட்டமா என்ன? அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோருமே அந்தப் பட்டத்தோடுதான் ஆண்டார்கள்.

ஆக, ஒரே கோட்டை வட்டாரத்தில், பத்துப் பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குள், மூன்று பேர் தங்கள் பழைய அடையாளத்தைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். தோற்ற சிப்பாய் சேனாபதி ஆனார். உத்தியோகஸ்தர் உயிரைக் கொடுத்தார். ராஜா தாசன் ஆனார். மாற்றம் என்ற ஒரே வார்த்தைக்குள் எத்தனை விதமான விலை!

* * *

பெரிய மனிதர்களை விடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கும் இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு நாள் வந்தது. 1956 நவம்பர் 1. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஜனங்கள் போராடி, உயிர்ப்பலி கொடுத்து வாங்கிய நாள் அது.

மலையாளத்தில் கோப்பு எழுதிப் பழகிய குமாஸ்தாவையும், கொல்லம் ஆண்டில் ரசீது போட்ட கணக்கரையும் நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்த நாற்காலி அதே நாற்காலி. ஜன்னலுக்கு வெளியே அதே வேளிமலை. ஆனால் எஜமானன் வேறு, தலைநகரம் வேறு, தேதி போடும் முறை வேறு. ஒரு அடி நகராமலே வேலை மாறியவர்கள் அவர்கள். அடுத்து வந்த ஜனவரியில் அவர்கள் கைக்கு எந்தக் காலண்டர் வந்திருக்கும்? சுவரில் ஒன்று, மனசுக்குள் ஒன்று என்றுதான் இருந்திருக்கும். அந்த இரண்டாவது காலண்டர்தான் அரை நூற்றாண்டு கழித்து எங்கள் அச்சகத்தில் ஆகஸ்ட் மாதத் தாளின் மூலையில் சின்ன எழுத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பழிவாங்கியது.

டிலனாய் விட்டுவந்த டச்சுக் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? 1602-ல் தொடங்கி, ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய வியாபார நிறுவனமாக இருந்தது. கடனில் மூழ்கி, 1799 டிசம்பர் 31 அன்று அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டது. கவனியுங்கள், புத்தாண்டுக்கு முந்தின நாள்! குளச்சலில் தோற்காமல், விசுவாசமாக அந்தக் கம்பெனியிலேயே காலம் தள்ளியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஜனவரி எப்படி விடிந்திருக்கும்? நிலையான வேலை என்று நாம் சொல்வதெல்லாம் நம் ஆயுசை வைத்துப் பார்க்கும்போது நிலையாகத் தெரிவதுதான். மில் மூடிய அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாக அழுதிருப்பேன்.

டிலனாய் உதயகிரிக்குள் நுழைந்தபோது அவரிடம் இருந்தது என்ன? துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதவி போயிற்று. வரிசையாக நிற்கக் கற்றுக்கொடுக்கத் தெரியும் என்ற ஒன்று மட்டும் கூடவே வந்தது. எனக்கும் அப்படி ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஐந்தொகையில் ஒரு பைசா உதைத்தால் ராத்திரி தூங்காமல் தேடும் புத்தி வந்திருந்தது. பிழை திருத்துகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் கொல்லம் ஆண்டைப் புதிதாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும். புது வேலையில் முதல் வருஷத்துச் சம்பளத்தில் பாதி பணமாகவும் பாதி சிரிப்பாகவும்தான் வரும்.

அந்த 2006 ஆகஸ்டில், ஆவணி 1 அன்று காலையில் வழக்கம்போல அச்சகத்துக்குப் போனேன். நாங்கள் அடித்த காலண்டர்தான் சுவரில் தொங்கியது. ஃபோர்மேன் அண்ணாச்சி தேதியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"1182 பொறந்தாச்சு பாத்தியளா? உங்க கையெழுத்துதான் அது."

அன்றைக்கு மத்தியானம் எல்லோருக்கும் என் செலவில் பழம்பொரியும் சாயாவும். டைரி வராத வருஷத்தில் நான் கொண்டாடிய புத்தாண்டு அதுதான். பையன் அதற்குள் "இப்பம், எப்பம்" என்று பேச ஆரம்பித்திருந்தான்.

கொல்லம் 1200 பிறந்தது 2024 ஆகஸ்ட் 17-ல். ஊரில் பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும் எப்போதும்போல இருந்தது. அண்ணாச்சி இப்போது இல்லை. நான் இன்னும் புரூஃப் பார்க்கிறேன். ஆகஸ்ட் தாள் வந்தால் முதலில் அந்த மூலையைத்தான் பார்ப்பேன்.

இந்த வருஷம் உங்களில் சிலர் வேலை மாறியிருப்பீர்கள். சிலரை மாற்றியிருப்பார்கள். ஜனவரி 1 அன்று டைரி வரவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கலை பஸ்ஸில் ஏறிப் புலியூர்க்குறிச்சியில் இறங்குங்கள். கோட்டைக்குள் இன்று வனத்துறையின் பூங்கா. பிள்ளைகளுக்கும் பொழுது போகும். அந்தக் கூரையில்லாத கோயிலுக்கு மட்டும் மறக்காமல் போய்விட்டு வாருங்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டுமல்லவா, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.